பச்சியப்பனின் முட்டுக்கோல்

புளியவளவுக்கு ரோடு வருகிறது. பச்சியப்பன் பிறந்தபோதும் வந்துகொண்டிருந்தது, அவருக்குக் கல்யாணம் ஆனபோதும் வந்துகொண்டிருந்தது, அறுபதைத் தாண்டி முழங்கால் இரண்டும் முரண்டு பிடிக்கிற இந்த வயதிலும் வந்துகொண்டேதான் இருக்கிறது. நடுவில் ஒருமுறை ஆட்கள் வந்து அளந்து, வழி நெடுகக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளாடுகள் முதுகு தேய்த்துக்கொள்ள அந்தக் கற்கள் வசதியாக இருக்கின்றன. குறை சொல்லக் கூடாது, அந்த அளவுக்கு ஊருக்கு ஒரு நன்மை நடந்திருக்கிறது.

சித்தேரிக்கு பஸ் போகிற தார் ரோட்டின் ஓரத்தில் ஒரு டீக்கடை உண்டு. அதற்குப் பின்னால் தொடங்குகிற ஒற்றையடிப் பாதையில், பாறையும் உண்ணிப்புதருமாக ஏறிப் போனால் புளியவளவு. அந்தப் பாதையில் சக்கரம் ஏறாது. கழுதை ஏறும், ஆனால் ஊரில் கழுதை கிடையாது. ஆகவே ஊருக்கு வேண்டிய எல்லாமே மனிதர் முதுகில்தான் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடம் கட்டிய சிமெண்ட், மாரியம்மன் கோயில் மணி, முதல் டிவி, கேஸ் சிலிண்டர், ரேஷன் அரிசி, கல்யாண வீட்டு பீரோ என்று பாதிக்குமேல் பச்சியப்பன் முதுகில் வந்தவை. பீரோ வந்த நாளில், எதிரே வந்தவர்கள் பீரோ தானாக நடந்து வருகிறது என்று மிரண்டு ஒதுங்கினார்களாம். இந்தக் கதையை அவரே சொல்லுவார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பீரோ கொஞ்சம் பெரிதாகிவிடும்.

சுமை தூக்குகிறவனுக்கு முதுகைவிட முக்கியமானது கோல். புளியவளவில் அதற்கு முட்டுக்கோல் என்று பெயர். உச்சியில் கவையாகப் பிரிந்த கெட்டிக் கம்பு, அவ்வளவுதான். நடக்கும்போது ஊன்றிக்கொள்ளலாம். மூச்சு வாங்கினால் அதையே பின்னால் கொண்டுபோய்ச் சுமையின் அடியில் முட்டுக் கொடுத்துவிட வேண்டும். பாரம் கோலில் இறங்கிவிடும், தோள்வார் தளர்ந்துவிடும், ஆள் நின்றபடியே இளைப்பாறலாம். உட்கார்ந்து இளைப்பாறினால் ஆகாதா என்று கீழே இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். தாராளமாக உட்காரலாம், எழுந்திருக்கத்தான் முடியாது. தனியாகப் போகிறவன் சுமையைத் தரையில் வைத்துவிட்டால், அதை மறுபடி ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். அதனால் புளியவளவுச் சுமைக்காரர்கள் வழியில் சுமையைக் கீழே வைப்பதில்லை. வைத்தவன் அன்றோடு அந்த வேலையை விட்டுவிடுவான். யாரும் விடச் சொல்வதில்லை, அவனாகவே விட்டுவிடுவான்.

கோலுக்கு அளவுதான் உயிர். சுமையோடு நிமிர்ந்து நின்றால், சுமையின் அடிப்பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் கோலின் உயரம். ஒருவனுடைய கோல் இன்னொருவனுக்குச் சேராது. அளவுக்கு அறுத்தெடுத்த துண்டை வழியில் எறியக் கூடாது, சொந்த வீட்டு அடுப்பில்தான் போட வேண்டும் என்று ஒரு முறையும் உண்டு. ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை. பச்சியப்பன் வாலிபத்தில் வெட்டிய கோல் ஆச்சாமரத்துக் கோல். அடியில் இரும்புப் பூண் மாட்டி, தேயத் தேயப் பூணை மட்டும் மாற்றி, அதையே இத்தனை வருசமும் வைத்திருந்தார். அன்றைக்கு அறுத்த துண்டை அடுப்பில் வைத்துச் சோறாக்கியவள் அப்போதுதான் புதுப்பெண்ணாக வந்திருந்த ராமக்காள்.

அந்த ராமக்காளைத்தான் கடைசியில் அவர் சுமக்கும்படி ஆயிற்று.

சர்க்கரை வியாதி அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும், அரூர் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு தரம் விட்டால் கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு முட்டும். இரண்டு தரம் விட்டால் அப்புறம் போக வேண்டியதில்லை. இதை டாக்டர் நாசூக்காகச் சொன்னார், ராமக்காள் நாசூக்கில்லாமல் புரிந்துகொண்டாள். யாராவது விசாரித்தால், "வாரத்துக்கு ரெண்டு தரம் என்னையத் தொவைச்சுக் காயப்போட்டு அனுப்பறாங்க" என்பாள்.

நான்கு எட்டு வைத்தாலே அவளுக்கு இரைக்கும், மலை இறங்குவதெங்கே. முதலில் ஊர் இளவட்டங்கள் மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியில் தூக்கிப் போனார்கள். முகம் சுளிக்காமல்தான் தூக்கினார்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் முடிவே இல்லாமல் என்றால் யாரால் முடியும். ஒருவன் திருப்பூருக்குப் போனான், ஒருவன் குடகுக்கு மிளகு பறிக்கப் போனான், இருந்தவனுக்கும் கீழே வேலை கிடைத்தது. கூப்பிட்டால் வர மாட்டேன் என்று எவனும் சொல்லவில்லை, கூப்பிடுவதற்குத்தான் ஊரில் ஆள் இல்லை. யார் மேலும் கோபப்பட முடியாத கஷ்டம் மிகவும் கொடுமையானது. பச்சியப்பன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களை அறுத்தார். அடியில் பலகை அடித்தார், அவள் பாதம் வைக்க ஒரு கட்டை வைத்தார், லாரியில் சரக்குக் கட்டுகிற பட்டையை வாங்கித் தோள்வார் தைத்தார், அதிலேயே அவள் இடுப்புக்கு ஒரு பட்டையும் கொக்கியும் வைத்தார். எல்லாவற்றையும் தன் பழைய கோலின் உயரத்துக்கு ஏற்ற மாதிரியே கட்டினார்.

நாற்காலியில் அவள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவர் பார்ப்பது முன்னால் இருக்கிற பாதையை, அவள் பார்ப்பது பின்னால் விட்டுப்போகிற பாதையை. முகம் பார்க்காமலே பேசிக்கொண்டு போவார்கள். வீட்டில் பேசாத எத்தனையோ பேச்சை அந்தப் பாதையில் பேசினார்கள். பாதி வழியில் மொட்டைப்பாறை என்று ஒரு இடம். செல்போனுக்கு சிக்னல் கிடைப்பதும் அங்கேதான், பச்சியப்பன் பள்ளத்துக்கு முதுகு காட்டித் திரும்பி, கோலை முட்டுக் கொடுத்து நிற்பதும் அங்கேதான். பாறையின் விளிம்பு ஒரு குட்டிச்சுவர் போல எழும்பியிருக்கும். நாற்காலியில் இருந்து பார்த்தால் அதற்கு மேலாகச் சமவெளியும், அதில் ஒரு பெரிய ஏரியும் தெரியும். ஏரியைப் பார்த்தபடி இருப்பது ராமக்காளுக்குப் பிடிக்கும். நாளைக்கு இத்தனை வாய் தண்ணீர்தான் என்று அவளுக்குக் கட்டுப்பாடு. "குடிக்கத்தான் கூடாது, கண்ணால பாத்தா தப்பா" என்பாள்.

மகள் மலர்விழி மொரப்பூரில் இருந்தாள். புருசன் கலைவாணன் அங்கே செல்போன் கடை வைத்திருந்தான். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரே அறையும் சமையல் தடுப்புமாக வாடகை வீடு, அதில் மாமியாரும் உண்டு. அம்மாவை மட்டும் என்னோடு வைத்துக்கொள்கிறேன், அங்கிருந்து அரூர் போக பஸ் இருக்கிறது, நடையே இல்லை என்று ஒவ்வொரு தரமும் கெஞ்சினாள். அப்பாவுக்கு அங்கே இடமில்லை என்பதை அவள் சொல்லவில்லை, சொல்லாவிட்டாலும் அது தெரிந்ததுதான். இடமிருந்தாலும் மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் இவர்கள் வழியில் இல்லை. மாடு ஒன்று, சாமைக் காடு கொஞ்சம், அதையும் விட்டுவிட்டு வர முடியாது.

"அம்மா அங்க வந்துட்டா நீ ஏம்ப்பா இப்படி சாகணும்?" என்று ஒருநாள் மலர்விழி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதாள்.

ராமக்காள் சொன்னாள். "நான் போயிட்டா இந்த மனுசன் உப்பு போட்டோமா போடலயான்னு கூடப் பாக்காம திம்பாரு. அந்தப் பேச்ச விடு. என்னைக்கு உங்கப்பன் வழியில என்னையக் கீழ வெக்கறாரோ, அன்னைக்கு நானே வரேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் பச்சியப்பன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழே வைத்தால் அவள் போய்விடுவாள், வைக்காத வரைக்கும் இருப்பாள் என்று அவர் மனதில் அது ஆணி அடித்தது போல நின்றுவிட்டது.

கோல் உயரமாகிவிட்டது என்பது அவருக்கு முதலில் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மொட்டைப்பாறையில் நின்று கோலைப் பின்னால் கொண்டுபோனார், கவை பலகைக்கு அடியில் போகவில்லை. குதிகாலைத் தூக்கி, தம் பிடித்து, ஒரு எக்கு எக்கித்தான் உள்ளே தள்ள முடிந்தது. கோல் எங்காவது வளருமா. வளரவில்லை. அவர்தான் தணிந்துகொண்டிருந்தார். இடுப்பு முன்னால் மடங்கிவிட்டது, முழங்கால் முழுக்க நிமிர மறுத்தது. இருமடங்கு பாரத்தைச் சுமந்தபோதெல்லாம் அசையாத உடம்பு, எலும்பும் தோலுமாக வற்றிவிட்ட ஒரு மனுசிக்குத் தணிந்து கொடுத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறு செவ்வாய் விடியும் முன் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து கோலின் அடியை அறுத்தார். பூணைக் கழற்றி மறுபடி மாட்டினார். கையில் துண்டு மிஞ்சியது. முறைப்படி அடுப்பில் போட வேண்டும், அடுப்புக்குப் பக்கத்தில்தான் ராமக்காளின் கட்டில். அவள் கண்ணில் பட்டால் அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது. துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். பாதையில் ஒரு வளைவில், உண்ணிப்புதர் அடர்ந்த இடமாகப் பார்த்து, திரும்பாமலே தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக முறையை மீறியிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் எறிந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைப்பது மனிதருக்கு இயல்புதான். பச்சியப்பனின் முதுகுக்குப் பின்னால்தானே ராமக்காள் உட்கார்ந்திருந்தாள். துண்டு அவள் காதோரமாகப் பறந்து, புதரில் தட்டி, பாதையிலேயே வந்து விழுந்தது. புதிதாக அறுத்த வெட்டுவாய் பளிச்சென்று தெரிந்தது. அது கண்ணில் இருந்து மறைகிற வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டு போனாள்.

மொட்டைப்பாறையில் கோல் அழகாகப் பொருந்தியது. பச்சியப்பன் பெருமூச்சு விட்டார்.

பின்னால் இருந்து ராமக்காள் சொன்னாள். "ஏரியில தண்ணி கொறைஞ்ச மாதிரி இருக்குது மாமா."

பாறை விளிம்பு உயரவில்லை, அவள் நாற்காலி தணிந்திருந்தது. ஏரியின் இந்தக் கரை விளிம்புக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

"ஆமா புள்ள. வெயில் காட்டமா இருக்குதில்ல" என்றார் பச்சியப்பன்.

அந்த நேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். அந்த வருசம் ஆடியிலேயே மழை பிடித்து ஏரியெல்லாம் தளும்பியது. மழையில் நனைந்துகொண்டே இரண்டு பேரும் வெயிலைக் குறை சொன்னார்கள். அதற்கப்புறம் ஐப்பசிக்குள் கோல் இன்னும் இரண்டு தரம் தணிந்தது. ஒவ்வொரு தரமும் ஒரு துண்டு அவள் காதோரம் பறந்தது. ஒவ்வொரு தரமும் அவள் ஏரி வற்றுகிறது என்றாள், அவர் ஆமாம் என்றார்.

இந்தச் சமயத்தில்தான் மலையேறுகிற கூட்டம் ஒன்று வந்தது. ரோடு இருக்கிற ஊர்க்காரர்களுக்கு லீவு விட்டால் ரோடு இல்லாத இடத்தைத் தேடி வருகிற ஆசை வந்துவிடுகிறது. வரட்டும், பாதை எல்லாருக்கும் பொது. ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிற பையன்களும் பெண்களுமாக ஏழெட்டுப் பேர், ஒவ்வொருவர் முதுகிலும் ஆள் உயரத்துக்குப் பை. பச்சியப்பன் இறங்கி வந்தபோது அவர்கள் மொட்டைப்பாறையில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஜாஸ்மின் என்ற பெண் மட்டும் உட்காரவில்லை. பையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். பைக்கு அடியில் ஒரு அலுமினியக் கால் தரையில் ஊன்றியிருந்தது.

பச்சியப்பன் வியப்போடு பார்த்தார். வேற்று ஊரில் தன் சொந்தக்காரனைக் கண்டவருக்கு இருக்கிற மகிழ்ச்சி அவருக்கு. "நம்ம கோலுதான் புள்ள. வெள்ளிக்கோலு" என்று பின்னால் இருந்தவளுக்குச் சொன்னார். தானும் நின்று தன் கோலைப் பின்னால் கொண்டுபோனார். அது போகவில்லை. குதிகாலைத் தூக்கினார், எக்கினார், போகவில்லை. மறுபடி எக்கினார். நாற்காலி ஒரு பக்கம் சாய, ஜாஸ்மின் ஓடிவந்து பிடித்து, கவையை உள்ளே தள்ளிவிட்டாள்.

"ஐயா, கோல் உங்களுக்கு ரொம்ப ஒசரமா இருக்குதுங்க. அடியில கொஞ்சம் அறுத்துட்டா சரியாயிரும்" என்றாள், நல்ல மனதோடு.

இத்தனை மாதமும் இரண்டு பேரும் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அந்தப் பெண் ஒரே வார்த்தையில் நடுப்பாதையில் போட்டுவிட்டாள். பச்சியப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்னால் இருந்து என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தார்.

"அது புதுக்கோலு பாப்பா" என்றாள் ராமக்காள். "இன்னும் அளவு எடுக்கல."

நாள்பட்டுக் கைபட்டுக் கறுத்து வழவழத்த அந்தக் கோலை ஜாஸ்மின் ஒரு தரம் பார்த்தாள். தன் பையை இறக்கி, அலுமினியக் காலைக் கழற்றி பச்சியப்பன் கையில் கொடுத்தாள். நடுவில் நெம்புகோல் போல நீட்டியிருந்த சின்ன நெம்பியை அழுத்தினால் கால் தணியும், அழுத்தி இழுத்தால் உயரும், ஒவ்வொரு துளையிலும் டக் என்று உட்காரும் என்று செய்து காட்டினாள்.

"வேணாம் பாப்பா, உனக்கு வேணுமே" என்றார் பச்சியப்பன்.

"நாங்க எங்க வேணா பையக் கழட்டி வெச்சு ஒக்காருவோங்க. ஆனா இது பையத் தாங்கத்தான். ஆளுங்கள வெச்சு நிறுத்தறதுக்கு இல்லீங்க, பாத்துக்கங்க."

"இவ உம் பையவிட லேசுதான்" என்று சிரித்தார் பச்சியப்பன். அது முழுப்பொய்யும் அல்ல.

அன்று மாலையே ஆச்சாமரக் கோல் கொட்டகைக் கூரையின் எறவாணத்தில் ஏறிவிட்டது. வெள்ளிக்கோல் வந்தது பச்சியப்பனுக்குப் பெரிய விடுதலை. அறுக்க வேண்டியதில்லை, துண்டு மிஞ்சுவதில்லை, முறையை மீற வேண்டியதில்லை. உடம்பு தணிந்தால் நெம்பியை ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஊருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எத்தனை நாளுக்கு வேண்டுமானாலும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று நம்பினார். கழுத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டவனுக்குக் கைக்குக் கிடைத்தது எல்லாமே கரைதான்.

அவளுக்கோ அந்தச் சத்தம் கேட்டது. மொட்டைப்பாறையில் அவர் நின்றதும், கோல் பின்னால் வருவதற்கு முன், காதுக்குக் கீழே டக். சில வாரம் கேட்காது, அப்போது அவள் மனதுக்குள் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்வாள். பிறகு ஒருநாள் டக். தை மாதத்தில் எதிர்க்கரைப் பனைமரங்கள் மட்டும் தெரிந்தன. மாசியில் அவையும் போய், பாறையும் வானமும்தான் மிஞ்சின.

"ஏரி சுத்தமா வத்திப்போச்சு மாமா" என்றாள்.

"வரும் புள்ள. மழை வந்தா வரும்" என்றார் அவர்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் முடிந்து அரூரிலிருந்து பஸ் ஏறி வந்து, டீக்கடையில் இறங்கி, வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். காலையில் இறங்கும்போதே பச்சியப்பன் வலது முழங்காலை இழுத்துத்தான் வைத்தார். ஏறும்போது பேச்சு நின்றுவிட்டது, மூச்சுதான் கேட்டது. மொட்டைப்பாறைக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்ததும் நெம்பியை அழுத்தினார். சத்தம் வரவில்லை. கோல் ஏற்கெனவே கடைசித் துளையில் இருந்தது. அதற்கு மேல் தணிய அதற்கு வழியில்லை.

கோலைப் பின்னால் கொண்டுபோனார். பலகையில் இடித்தது. எக்கினார், முழங்கால் உதறியது. இன்னொரு தரம் எக்கினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா முனகலா என்று சொல்ல முடியாத சத்தம். இத்தனை வருசத்தில் ராமக்காள் அவரிடம் கேட்டிராத சத்தம் அது. கடைசியில் பக்கத்திலிருந்த கல்லில் ஒரு காலை ஏற்றி வைத்து, எப்படியோ கோலைத் திணித்துவிட்டார். உடம்பு முழுக்க நடுங்கியது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியும் அதோடு நடுங்கியது.

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன் புள்ள. அப்புறம் ஒரே ஏத்தம்தான்."

இடுப்புப் பட்டையின் கொக்கி கழலுகிற சத்தம் கேட்டது. என்ன என்று அவர் கேட்பதற்குள் முதுகு லேசாகிவிட்டது. விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தார், திரும்ப முடியவில்லை. வாரைக் கழற்றி, நாற்காலியைக் கோலோடு தள்ளிவிட்டுத் திரும்பினார். பாறை விளிம்பைப் பிடித்துச் சறுக்கி இறங்கி, ராமக்காள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாதையில் அவர்கள் முகத்துக்கு முகம் பார்த்தது அப்போதுதான்.

"ஏண்டி இப்படிப் பண்ண?" என்றார்.

"நீ எறக்கல மாமா" என்றாள் இரைத்துக்கொண்டே. "நானாத்தான் எறங்கினேன். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு."

அவர் கேட்கவில்லை. நாற்காலியை எடுத்துவந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தார், பட்டையைப் போட்டார், தானும் அதற்கு முதுகு கொடுத்துத் தரையில் உட்கார்ந்து வாரை மாட்டிக்கொண்டார். அவள் தடுக்கவில்லை. கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. கோலை ஊன்றிப் பார்த்தார், பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். மாரியம்மன் மணியைத் தூக்கியவர், பீரோவைத் தூக்கியவர், அந்த ஒரு பிடி உயிரோடு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டியபடி பாதை நடுவில் இருந்தார்கள். மேலே ஊரில் கிழடுகளும் பெண்களும்தான், கூப்பிட்டாலும் குரல் எட்டாது. அவருக்கு அழுகை வந்தது, அழுதார். அவள் பின்னால் கையை நீட்டி அவர் விலாவைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"மலருக்குப் போன் போடு மாமா" என்றாள் பிறகு.

கலைவாணன் மொரப்பூரிலிருந்து பைக்கில் வந்தான். டீக்கடையில் இருந்த இரண்டு ஆட்களையும், ஒரு மூங்கிலையும் போர்வையையும் கூட்டிக்கொண்டு ஏறி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊருக்குத் தூக்கிப் போகலாமா என்று கேட்டான், நல்ல பையன். ராமக்காள் தலையை ஆட்டினாள். இன்றைக்கு மேலே போனால் செவ்வாய்க்கிழமை யார் இறக்குவது. கீழே இறங்கியாயிற்று, மலருக்குச் சொன்ன சொல் சொன்னதுதான் என்றாள்.

பிறகு அவருக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். மாட்டுக்குத் தவிடு எந்தப் பானையில் இருக்கிறது, ஊறுகாய் ஜாடியில் ஈரக்கை போடக் கூடாது, சாமையைக் குத்தப் பக்கத்து வீட்டு எழிலரசியிடம் கொடுக்க வேண்டும், சோற்றுக்கு உப்பு மறக்கக் கூடாது. பச்சியப்பன் எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஒன்றுகூட அவர் மனதில் பதியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார்.

மூங்கிலை இளம் தோள்களுக்கு ஏற்றினார்கள். போர்வையில் இருந்தவள் உயரத்துக்கு எழும்பினாள், இத்தனை மாதமும் எட்டாத உயரத்துக்கு. தலையைத் திருப்பிப் பாறை விளிம்புக்கு மேலாகப் பார்த்தாள். கீழே ஏரி இரண்டு கரையும் தொட்டுக் கிடந்தது.

"ஏரிக்குத் தண்ணி வந்திருச்சு மாமா" என்றாள்.

"ஆமா புள்ள" என்றார் பச்சியப்பன். "மழை பேஞ்சுதில்ல."

அவர்கள் வளைவில் இறங்கி மறைகிற வரைக்கும் நின்றார். மாடு கத்திக்கொண்டிருக்கும் என்ற நினைவு வந்தது. நாற்காலியை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார். கனமே இல்லாத நாற்காலி முதுகில் ஆடிக்கொண்டே வந்தது. வீடு சேரும்முன் வழக்கமாக மூச்சு வாங்குகிற ஏற்றத்தின் முடிவில், இளைக்காமலே, பழக்கத்தில் நின்றார். பழக்கத்தில் கோலைப் பின்னால் கொண்டுபோனார். கோல் பலகைக்கு எட்டவில்லை. பாரம் இல்லாததால் முதுகு தன்னையறியாமல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அவர் நெம்பியை அழுத்தி, அந்தக் கோலை முதல் தடவையாக மேல்பக்கம் இழுத்தார். டக் என்றது. அது பலகையைத் தொட்ட பிறகு, வெறும் நாற்காலிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, இருட்டுகிற வரைக்கும் பச்சியப்பன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.